கருப்புசாமிக்கு முதல் வடி

ஞானசௌந்தரி தன் சாராய ஆலையை ஊர் பார்க்கத் திறந்துவிடுவது என்று முடிவு செய்ததற்குக் காரணம் பேட்டரி செல். டார்ச் விளக்குக்குப் போடுவோமே, அதுதான். அவளுடைய ஊறலில் மூட்டை மூட்டையாகச் செல்லை உடைத்துப் போடுகிறார்கள் என்று கீழவாஞ்சூரிலிருந்து விழிதியூர் வரைக்கும் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. ஒரு செல் என்ன விலை விற்கிறது, அதை மூட்டையாக வாங்கிப் போட்டு எவன் கட்டுபடியாக்குவான் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்வதற்கு யோசனை எதற்கு?

அது எழுபத்தேழாம் வருஷம். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் மதுவிலக்கு. இந்தப் பக்கம் காரைக்காலில் கடைகள் திறந்திருந்தன. சாயங்காலமானால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லை தாண்டி வந்து, குடித்து, வெற்றிலை போட்டு வாயை மறைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாகத் திரும்புகிறவர்கள் நிறையப் பேர். அந்த மாசியில் அந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் கள்ளச் சாராயம் குடித்து ஒன்பது பேர் செத்தார்கள். வார்னிஷ் கலந்தது என்று பேப்பரில் போட்டிருந்தது. ஆனால் செத்தவர்களில் ஒருவன் சட்டைப்பையில் காரைக்கால் பஸ் டிக்கெட் இருந்ததாம். அந்த டிக்கெட் ஒன்று போதுமாயிருந்தது. வார்னிஷ் மறந்துபோய், பேட்டரி செல் வந்தது. கடை ஏலம் எடுத்தவர்கள் ஞானசௌந்தரியிடம் வாங்குகிற சரக்கைப் பாதியாகக் குறைத்தார்கள். இன்னும் இரண்டு மாதம் இப்படியே போனால் அடுப்பை அணைக்க வேண்டியதுதான்.

ஆலை என்பது மரியாதைக்குச் சொல்வது. விழிதியூர் வாய்க்காலை ஒட்டி, நாலு பக்கமும் ஆள் உயரச் சுவர் எழுப்பிய ஓட்டுக் கொட்டகை. வெல்லமும் வேலம்பட்டையும் ஊறுகிற எட்டுத் தொட்டி. அந்த ஊறலைக் காய்ச்சி வடிக்க, வாலை என்று சொல்கிற பெரிய செப்புப் பானை ஒன்று. பிரெஞ்சுக்காரன் காலத்தில் மாமனார் லைசென்ஸ் வாங்கி வைத்தது. அவருக்குப் பிறகு மகன் பாலகுரு நடத்தினார். நாலு வருஷத்துக்கு முன்னால் பாலகுருவும் போய்ச் சேர, லைசென்ஸ் மனைவி ஞானசௌந்தரி பெயருக்கு வந்தது. காமாலையில் போனார் என்றுதான் கேட்டவர்களுக்கெல்லாம் அவள் சொன்னாள். காமாலை இருந்தது உண்மைதான்.

நெல் அரைக்கிற மில்லில் சனங்கள் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் தவிடு முதல் வாங்கிப் போகிறார்கள். செக்கு ஆட்டுகிறவன் கண்ணெதிரேதான் எண்ணெய் எடுக்கிறான். அவர்கள் மேல் யாரும் பேட்டரி செல் கதை கட்டுவதில்லை. சாராயத்துக்கு மட்டும் ஏன் சுவர் என்று ஞானசௌந்தரிக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று கடைகளில் எழுதி ஒட்டச் சொன்னாள். கலால் இன்ஸ்பெக்டர் தியாகராசன் இரண்டு நாள் யோசித்து அனுமதி கொடுத்தார். ஒரு தடவைக்குப் பத்துப் பேர். பீடி, தீப்பெட்டி கேட்டிலேயே வைத்துவிட வேண்டும். உள்ளே ஒருவர் வாயிலும் ஒரு சொட்டு படக்கூடாது; அதைப் போர்டில் எழுதி மாட்ட வேண்டும்.

வாலைக்காரர் மருதையனுக்கு இது பிடிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அடுப்பு முன்னால் நிற்கிறவர். சொட்டுகிற சாராயத்தை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்புவாரே தவிர ஒரு மடக்கு உள்ளே இறக்கியதில்லை. ஊரில் சத்தியம் செய்தாலும் யாரும் நம்பாத விஷயம் அது.

"பாத்துட்டு சும்மா போவ மாட்டாங்கம்மா," என்றார். "பாத்ததை அவனவன் தனக்குத் தெரிஞ்ச மாதிரி புரிஞ்சிக்கிட்டுப் போவான்."

அவர் குறிப்பாகச் சொன்னது கருப்புசாமியை. வாலைக்கு எதிர் மூலையில் அரிவாளோடு நிற்கிற இடுப்புயரச் சுதைச் சிலை. அதன் காலடியில் ஒரு கல்தொட்டி. ஒவ்வொரு தடவை காய்ச்சும்போதும் குழாயில் முதலில் சொட்டுகிற இரண்டு படி சாராயம் அந்தத் தொட்டிக்குத்தான் போகும். அதுதான் முதல் வடி. மறுநாள் காலையில் தொட்டியை வழித்து வாய்க்காலுக்கு அப்பால் ஒரு குழியில் கவிழ்த்துவிடுவார்கள். சாமி பங்கில் கை வைத்தவனுக்குக் கண் போய்விடும் என்பது கொட்டகைக்குள் சட்டம்.

விஷயம் இதுதான்: முதல் வடி குடிக்க லாயக்கில்லாதது. மூக்கைத் துளைக்கும், குடலைப் புரட்டும், ஆளைச் சாய்த்துவிடும். நல்ல சாராயம் அதற்குப் பிறகுதான் வரும். ஆனால் வேலையாளிடம் கீழே கொட்டு என்றால் கொட்ட மனசு வராது. ஒளித்து வைத்துக் குடிப்பான், இல்லையென்றால் அளவு கூட்ட நல்லதோடு கலந்துவிடுவான். சாமிக்கு என்று சொன்னால் தொட மாட்டான். மாமனார் கண்டுபிடித்த வழி இது. கெட்டிக்காரர்தான். சாமி என்ன நினைக்கும் என்பதைப் பற்றி மட்டும் அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கல்யாணமாகி வந்த வருஷமே பாலகுரு இதைச் சிரித்துக்கொண்டே மனைவியிடம் சொல்லியிருந்தார்.

அந்த மூலைக்கு வந்ததும் வருகிறவர்களிடம் என்ன சொல்வது என்று ஞானசௌந்தரி மருதையனைக் கேட்டாள். உள்ளதைச் சொல்லுங்கள், முடியாவிட்டால் கீற்றுத் தட்டி வைத்து மறைத்துவிடுங்கள் என்றார் அவர். இரண்டுமே அவளுக்கு ஒத்து வரவில்லை. எல்லாவற்றையும் காட்டுகிறேன் என்று கூப்பிட்டுவிட்டுத் தட்டி வைத்தால், செல் மூட்டை அதற்குப் பின்னால்தான் இருக்கிறது என்பார்கள். உள்ளதைச் சொன்னால், அவளே தன் வாயால் எங்கள் வாலையில் முதலில் வருவது கெட்டது என்று சொன்னதாக ஆகும். அது வாஞ்சூர் போய்ச் சேர்வதற்குள் முதலும் போய், கடைசியும் போய், கெட்டது என்பது மட்டும்தான் மிஞ்சும். கெட்டதையா கருப்புக்கு ஊற்றுகிறீர்கள் என்று யாராவது அரிவாளைத் தூக்கினாலும் ஆச்சரியமில்லை. அவள் யோசித்து யோசித்து ஒரு வாக்கியம் பிடித்தாள்.

"எங்க வாலையில மொத வடி சாமிக்கு. அதுக்கப்புறம்தான் மனுசருக்கு."

பொய்யில் சேராது. கேட்கவும் நன்றாக இருந்தது. தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. மருதையன் அடுப்புக்கு விறகு தள்ளப் போனார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை முப்பது பேர் வந்தார்கள். ஒருவன் வெல்ல மூட்டைகளுக்குப் பின்னால் குனிந்து குனிந்து செல்லைத் தேடினான். இன்னொருவன் ஊறலில் முழங்கை வரை கையை விட்டு முகர்ந்து பார்த்து, புளிச்ச கஞ்சி மாதிரி இருக்கே என்று ஏமாந்துபோனான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற கிழவர் ஒருவர், சைகோனில் இதைவிடப் பெரிய வாலை பார்த்திருப்பதாகச் சொல்லி, மற்றவர்கள் வாலையைப் பார்க்க விடாமல் சைகோனையே காட்டிக்கொண்டிருந்தார். வந்தவர்களில் பாதிப் பேர் கடைசியில் ஒரு கிளாஸ் கொடுப்பார்கள் என்று நம்பி வந்தவர்கள். கொடுக்கவில்லை என்று தெரிந்து முகத்தைத் தொங்கப் போட்டார்கள். ஆனால் கருப்புசாமி மூலையில் அந்த வாக்கியத்தைச் சொன்னபோது எல்லாருமே கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைக்குள் செல் பேச்சு குறைந்தது. சாமிக்கு வைத்துவிட்டு விற்கிறவள் எதையாவது கலப்பாளா என்று இப்போது அதே வாய்கள் பேசின. குறைத்த கடைக்காரர்களில் ஒருவர் பழையபடி வாங்க ஆரம்பித்தார். வருகிறவர்கள் எல்லாருமே ஆண்பிள்ளைகள் என்பதை அவள் கவனிக்கவே இல்லை.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை காரைக்கால்மேட்டிலிருந்து நீலமேகம் வந்தான். முப்பத்தைந்து வயசு இருக்கும். மறுநாள் புதுக் கட்டுமரம் கடலில் இறக்குகிறான். அதற்கு முன்னால் ஒரு நல்ல காரியமாக இருக்கட்டும் என்று காலையிலேயே குளித்து, திருநீறு பூசி, சாப்பிடாமல் வந்திருந்தான். சாராய ஆலைக்கு விரதமிருந்து வந்தவன் அவன் ஒருவனாகத்தான் இருப்பான். அவர்கள் ஊரில் வீரனுக்குப் படையல் போட்டால் சாமிக்கு ஊற்றியது அப்படியே கிடக்காது. கும்பிட்டு முடித்ததும் ஆளுக்கு ஒரு வாய் எடுத்துக்கொள்வார்கள். எடுக்காமல் போவதுதான் அங்கே குற்றம்.

கருப்புசாமி மூலையில் அந்த வாக்கியத்தைக் கேட்டுக் கும்பிட்டுவிட்டு, மற்ற ஒன்பது பேரும் பீப்பாய் அறையைப் பார்க்க ஞானசௌந்தரியின் பின்னால் போனார்கள். நீலமேகம் பின்தங்கினான். சாமி தொட்டிக்குப் பக்கத்தில் ஊற்றுகிற கொட்டாங்கச்சி கவிழ்த்து வைத்திருந்தது. அதில் மொண்டு, கண்ணில் ஒற்றி, ஒரே மூச்சில் குடித்தான். குடும்பத்துக்காக இன்னொரு தரம் மொண்டு குடித்தான். விறகெடுக்க வெளியே போயிருந்த மருதையன் திரும்பி வந்தபோது அவன் தொட்டியைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். மருதையன் போட்ட சத்தத்தில் பீப்பாய் அறையிலிருந்து எல்லாரும் ஓடி வந்தார்கள்.

கால் மணி நேரத்தில் அவன் சாய்ந்தான். வாந்தி, உடம்பெல்லாம் வேர்வை. "கண்ணு மங்குதுங்க" என்று இரண்டு தடவை சொன்னான். பிறகு பேச்சில்லை. ஒன்பது பேரும் கேட்டைத் தாண்டி ஓடியதை ஞானசௌந்தரி பார்த்தாள். அவர்கள் எங்கே போய் என்ன சொல்லுவார்கள் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. மருதையனும் இரண்டு ஆட்களும் நீலமேகத்தை வெல்லம் ஏற்றி வந்த வண்டியில் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவள் பின்னாலேயே ரிக்ஷாவில் போனாள். வழியெல்லாம் அந்த வாக்கியம்தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

வெறும் வயிற்றில் அளவுக்கு மீறின கடுஞ்சரக்கு போயிருக்கிறது, உயிருக்குப் பயமில்லை, கண்ணைப் பற்றி இரண்டு நாள் போனால்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். இரண்டு நாளும் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துப் பெஞ்சில் ஞானசௌந்தரி உட்கார்ந்திருந்தாள். எதிர்ப் பெஞ்சில் நீலமேகத்தின் மனைவி தையல்நாயகி உட்கார்ந்திருந்தாள். ஏலத்தில் எடுத்த மீனை யாரிடமோ விட்டுவிட்டு வந்தவள். காலில் மணலும் செதிலும் ஒட்டியிருந்தன. முதல் நாள் முழுக்க அவள் எதிர்ப் பெஞ்சு இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டாம் நாள் காலையில் இன்ஸ்பெக்டர் தியாகராசன் வந்தார். நல்ல மனுஷர்தான், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். அதனாலேயே காகிதத்தில் எல்லாருக்கும் வசதியாக எழுதத் தெரிந்தவர். உள்ளே குடிக்கக்கூடாது என்று போர்டு இருக்கிறது, தடையை மீறி இவனாக எடுத்துக் குடித்தான், அவ்வளவுதானே என்று பேனாவைத் திறந்தார். அதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. ஞானசௌந்தரி தலையை ஆட்டினால் போதும். லைசென்ஸ் தப்பும், ஏழு பேர் வேலை தப்பும், செல் பேச்சுக்கும் பதில் சொன்ன மாதிரி ஆகும். தலையை ஆட்டிவிடலாம் என்றுதான் அவளும் நினைத்தாள். அதையும் இங்கே சொல்லாமல் விட முடியாது.

அப்போதுதான் தையல்நாயகி எழுந்து வந்து அவள் முன்னால் நின்றாள்.

"அந்தத் தொட்டியில இருந்தது குடிக்கக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும்."

"எம்புட்டு நாளா?"

"கல்யாணமாகி வந்த நாளா."

"அவருகிட்ட சொல்லலையா?"

"சொல்லலை. சாமிக்குன்னு மட்டும் சொன்னேன். சாமிக்குன்னா நாலு பேரு கும்பிடுவாங்க, கெட்டதுன்னா ஒருத்தன் வாங்க மாட்டான்னு நெனைச்சேன்."

தியாகராசன் இருமினார். இதையெல்லாம் எழுத வேண்டியதில்லை, எழுதினால் லைசென்ஸுக்கே ஆபத்து என்று மெதுவாகச் சொன்னார். மாமனார் முகம், கொட்டகை, அடுப்பு முன்னால் நிற்கிற மருதையன் எல்லாம் ஞானசௌந்தரிக்கு ஒருசேர நினைவுக்கு வந்தன. ஆனாலும் சொன்ன வார்த்தையை எதிரில் நிற்கிறவள் முகத்துக்கு நேரே திருப்பி விழுங்க அவளால் முடியவில்லை.

"எழுதிக்குங்க சார்," என்றாள்.

மூன்றாம் நாள் நீலமேகத்துக்குப் பார்வை தெளிந்தது. எழுந்து உட்கார்ந்ததும் முதலில் அவன் விசாரித்தது கருப்புக்குக் கோபமா என்றுதான். பெண்டாட்டி சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. ஞானசௌந்தரி பெஞ்சிலிருந்து எழுந்திருக்க முடியாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்தது.

தியாகராசனின் காகிதம் புதுச்சேரிக்குப் போனது. பதில் வருகிற வரைக்கும் அடுப்பு எரியலாம். பார்க்க வருவதைப் பற்றி அதில் ஒன்றும் எழுதவில்லை, அது உங்கள் பாடு என்று சொல்லிவிட்டார். இனிமேல் கேட்டைத் திறப்பதாவது என்று ஞானசௌந்தரி மருதையனிடம் சொல்லியிருந்தாள். மருதையன் நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியிலிருந்து புருஷனைக் கூட்டிப் போகும்போது தையல்நாயகி திரும்பி வந்து, ஞாயிற்றுக்கிழமை கேட்டைத் திறப்பீர்களா என்று கேட்டாள். இல்லை என்றாள் ஞானசௌந்தரி.

"தொறந்து வைங்கக்கா. ஆம்பளைங்க பாத்தது போதும். நாங்க வர்றோம்."

சொன்னபடியே வந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கேட்டில் ஒரு ஆண்பிள்ளை இல்லை. காரைக்கால்மேட்டிலிருந்து பதினோரு பெண்கள் நடந்தே வந்திருந்தார்கள். கூடவே வந்த நீலமேகம் வெட்கப்பட்டுக்கொண்டு எதிர்ப்புறத்துப் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். தியாகராசன் சொன்ன பத்துப் பேர் கணக்குக்கு ஒருத்தி கூடுதல். யாரை வெளியே நிறுத்துவது என்று தெரியாமல் எல்லாரையுமே ஞானசௌந்தரி உள்ளே விட்டாள்.

பெண்கள் வேறு மாதிரி பார்த்தார்கள். யாரும் செல்லைத் தேடவில்லை. வெல்லம் எத்தனை மூட்டை, ஊறல் எத்தனை நாள், பானையை எதைப் போட்டு விளக்குகிறீர்கள் என்று கேட்டார்கள். ஒருத்தி ஊறல் தொட்டி விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தாள். கருப்புசாமி மூலைக்கு வந்ததும் ஞானசௌந்தரி நின்றாள். குழாயில் முதல் வடி சொட்ட ஆரம்பித்திருந்தது. மருதையன் கொட்டாங்கச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார்.

"இது குடிக்கக்கூடாதது," என்றாள். "ஆளைச் சாய்ச்சிடும். ஆளுங்க எடுத்துக் குடிச்சிடக்கூடாதுன்னுதான் சாமி பேரைச் சொல்லி வச்சாங்க. சாமிக்கு நாங்க செய்யிறது தப்புதான். அதை நான் சாமிகிட்ட பேசிக்கறேன்."

ஒருவரும் கும்பிடவில்லை. ஒருவரும் கோபப்படவும் இல்லை. அதற்குப் பிறகு வருவதுதான் நல்ல வடி, கடைகளுக்குப் போவது அது மட்டும்தான், அதில் எதுவும் கலப்பதில்லை என்று அவள் சொல்லி முடித்தாள். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. இனிக் கேட்பதற்கு ஒன்றும் இருக்காது என்று நினைத்தாள்.

தையல்நாயகி குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல வடி குடிச்சா ஒண்ணும் பண்ணாதாக்கா?"

ஞானசௌந்தரி மருதையனைப் பார்த்தாள். அவர் அடுப்பைப் பார்த்தார். சர்க்கார் அனுமதித்த சரக்கு என்று சொல்லலாம். அளவோடு குடித்தால் பயமில்லை என்று சொல்லலாம். அதிலும் ஒரு எழுத்துப் பொய் இருக்காது.

"எங்க வீட்டுக்காரரு இருவது வருஷம் இதைத்தான் குடிச்சாரு," என்றாள். "இதே குழாய்ல புடிச்சது. ஒரு சொட்டு மொத வடி கலக்காதது. ஊருக்குக் காமாலைன்னு சொன்னேன். ஈரல் போயிட்டுதுன்னு டாக்டர் சொன்னாரு."

"எத்தனை வயசுல போனாரு?"

"நாப்பத்தி நாலு."

இதை அவள் பெற்ற தாயிடம்கூடச் சொன்னதில்லை. தையல்நாயகி திரும்பி வெளியே போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்றே ஞானசௌந்தரி நினைத்தாள். அவளோ சாலையைத் தாண்டிப் புளியமரத்தடிக்குப் போய், புருஷன் கையைப் பிடித்து எழுப்பி, கேட்டுக்குள் கூட்டி வந்து, குழாய்க்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். நீலமேகம் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"இப்ப சொன்னீங்களே," என்றாள் தையல்நாயகி, "அதை இவரு கேக்கற மாதிரி இன்னொரு தரம் சொல்லுங்க."

ஞானசௌந்தரி சொன்னாள்.